கோடு போடக் கத்துக்கோ, அப்புறம் கலர் பாக்கலாம்

"ஸ்டெயின்ட் கிளாஸ் கத்துக்கணும், என்ன கோர்ஸ் படிக்கணும் அண்ணா?" என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். தேவாலய ஜன்னல்களில் பார்க்கிற வண்ணக் கண்ணாடி வேலையைத்தான் சொல்கிறார்கள். டிசைன் படிக்கிற பிள்ளைகள், ஐ.டி. வேலையில் சலித்துப்போனவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கையில் ஏதாவது செய்ய நினைக்கிற அக்காமார்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒரே பதில்தான்: பக்கத்துத் தெரு ஃப்ரேம் கடையில் கழிவுக் கண்ணாடி கேட்டு வாங்கி, கோடு போட்டு உடைத்துப் பழகுங்கள். கேட்டவர் முகம் அப்போதே வாடிவிடும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மயில் செய்வதை மனதில் வைத்துக்கொண்டு வந்தவரிடம், பழைய ஜன்னல் கண்ணாடியை உடை என்றால் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் பதிலை மாற்றுகிற மாதிரி இல்லை. இந்த வேலைக்கென்று சென்னையில் நேரடிப் படிப்பு கிடையாது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் இருக்கிறது, வெல்டர் இருக்கிறது, இது இல்லை. பெரியமேட்டில் 1850இல் தொடங்கிய ஓவியக் கல்லூரி இருக்கிறது. அங்கே செராமிக் படிக்கலாம், ஓவியம், சிற்பம் படிக்கலாம், ஸ்டெயின்ட் கிளாசுக்கென்று தனிப் பட்டம் இல்லை. ஜெர்மனியில் கண்ணாடித் தொழிலுக்கு மூன்று வருடத் தொழிற்பயிற்சி முறை உண்டு. பட்டறையில் வேலை, நடுநடுவே பள்ளி, கடைசியில் தேர்வு. பழைய ஜன்னல்களைப் பாதுகாக்கும் வேலைக்கென்றே இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் 2008இல் ஒரு முதுகலைப் படிப்பு தொடங்கினார்கள். நமக்கு வாய்த்தது வார இறுதி வொர்க்‌ஷாப். அதில் ஒரு சின்ன இலையோ, பட்டாம்பூச்சியோ செய்து ஜன்னலில் தொங்கவிடலாம். தவறில்லை. ஆனால் பட்டாம்பூச்சி செய்தவர் நாளைக்கே ஆறடி ஜன்னலுக்குக் கொட்டேஷன் போடுவதைப் பார்த்திருக்கிறேன், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் எது ஸ்டெயின்ட் கிளாஸ் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மூரில் அந்தப் பெயரில் நாலைந்து பொருள் விற்கிறது. முழுக் கண்ணாடியின் மேல் கலர் ஃபிலிம் ஒட்டி, அதன்மேல் ஈயப் பட்டியைப் பசையால் ஒட்டுவது ஒன்று. டியூபில் கறுப்பு லைன் இழுத்து நடுவில் கலர் ஊற்றும் கிளாஸ் பெயின்டிங் இன்னொன்று. தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் இதிலெல்லாம் சேராது. கண்ணாடியின் பின்பக்கம் தலைகீழ் வரிசையில் வரையும் தனிக் கலை, அதற்குத் தனி மரியாதை. நான் பேசுவது, உருக்கும்போதே நிறம் கலந்த கண்ணாடித் தகடுகளைத் துண்டு துண்டாக வெட்டி, 'எச்' வடிவ ஈயப்பட்டையில் கோத்து, சந்திப்புகளைப் பற்றவைத்து ஒரே பலகையாக்கும் வேலை. கோபால்ட் சேர்த்தால் நீலம், மாங்கனீஸ் சேர்த்தால் ஊதா. நல்ல சிவப்பு ஒன்றுக்குத் தங்கமே போகிறது. நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருப்பதால் நூறு வருட வெயிலிலும் வெளுக்காது. ஃபிலிம் ஒட்டியது நம்ம வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்று ஓட்டல் வாசல்களைப் பார்த்தாலே தெரியும்.

எனக்குக் கண்ணாடி வந்தது கலை வழியாக இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் என் மாமா ஃப்ரேம் கடை வைத்திருந்தார். சாமி படம், கல்யாண போட்டோ, மாலை போட்டு மாட்டும் தாத்தா பாட்டி படம். பள்ளிவிட்டு வந்தால் கடையில்தான் இருப்பேன். வெட்டும் கருவிக்குக் கடையில் டைமண்ட் என்று பெயர், முனையில் இருப்பது என்னவோ மிளகைவிடச் சின்ன இரும்புச் சக்கரம். அதை மண்ணெண்ணெய் நனைத்த துணியில் குத்தி எடுத்து, ஸ்கேல் ஓரமாக ஒரே இழுப்பு. பெரிய ஷீட்டை மேசையில் போட்டால் மாமா முதலில் ரேடியோவை அணைப்பார். சின்ன வயதில் அது ஏதோ பயபக்தி என்று நினைத்தேன். காதால் வெட்டுகிறார் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

நல்ல கோட்டுக்கு ஒரு சத்தம் உண்டு. ஆரம்ப ஓரத்திலிருந்து முடிகிற ஓரம் வரை ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக 'ஸ்ஸ்ர்' என்று வரும். நடுவில் சத்தம் நின்றால் அங்கே சக்கரம் தாவியிருக்கிறது என்று அர்த்தம், உடைக்கும்போது அந்த இடத்தில்தான் கோணிக்கொண்டு ஓடும். கரகரவென்று வந்தால் அழுத்தம் அதிகம். கண்ணாலும் பார்க்கலாம்: கோட்டின் மேல் வெள்ளைப் பொடி பூத்து, ஓரத்தில் செதில் தெறித்தால் அது கெட்ட கோடு. நல்ல கோடு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு மெல்லிசு. புதிதாக வருகிறவர்கள் எல்லோருமே அழுத்துவார்கள். "அழுத்தினா கண்ணாடி பயப்படாதுடா, டைமண்டுதான் மொட்டையாவும்" என்பார் மாமா.

நாம் உண்மையில் கண்ணாடியை வெட்டுவதே இல்லை. சக்கரம் மேல்பரப்பில் ஒரு மயிரிழைப் பிளவை உண்டாக்குகிறது. அதற்கடியில் விரிசல் கொஞ்சம் இறங்கி நிற்கிறது. இரண்டு பக்கமும் வளைத்துக் கொடுத்தால் அந்த விரிசல் அடிவரை ஓடிவிடும். அதனால்தான் போட்ட கோட்டின் மேல் இன்னொரு முறை ஓட்டக் கூடாது. இரண்டாவது ஓட்டம் முதல் பிளவின் ஓரங்களை நொறுக்கி, விரிசலுக்கு நாலு வழி காட்டிவிடும், அது தன் இஷ்டத்துக்குப் போகும். சக்கரமும் பாழாகும். கோடு போட்டதும் உடனே உடைக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து உடைத்தால் முரண்டு பிடிக்கும்.

ஃப்ரேம் கடை வேலை நேர்கோட்டோடு முடிந்துவிடுகிறது. ஸ்டெயின்ட் கிளாஸ் தொடங்குவதே வளைவில். வெளிவளைவு பரவாயில்லை, வளைவைத் தொட்டுக்கொண்டு இரண்டு மூன்று கோடு வெளியே இழுத்துத் துண்டு துண்டாகக் கழற்றிவிடலாம். உள்வளைவு, அதாவது பிறைநிலாவின் குழிந்த பக்கம், அதுதான் ஆளைப் பிடித்துவைக்கும். முதலில் கடைசி வளைவுக்குக் கோடு போட வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு மேலே அரை வளைவு, கால் வளைவு என்று அடுக்கடுக்காகக் கோடு போட்டு, வெளியிலிருந்து ஒவ்வொரு பட்டையாகப் பிளையரால் கிள்ளி எடுத்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக எடுத்தால் இரண்டு கொம்பில் ஒன்று போய்விடும். உட்பக்கம் செங்கோணம் வேண்டும் என்றால் கைக்கருவியால் நடக்காது. அந்த இடத்தில் டிசைனையே மாற்றி ஈயக்கோடு ஒன்றைக் கொண்டுவந்து துண்டை இரண்டாக்க வேண்டும்.

இங்கேதான் கிரைண்டர் என்ற வில்லன் வருகிறான். வைரத்தூள் பூசிய உருளை தண்ணீரில் சுழலும், ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்யும். நல்ல கருவி, என்னிடமும் இருக்கிறது. ஆனால் வொர்க்‌ஷாப்பில் முதல் நாளே அதைக் கொடுத்துவிடுகிறார்கள். கிட்டத்தட்ட வெட்டிவிட்டு மீதியைத் தேய்த்துக்கொள்ளலாம் என்று கை பழகிவிட்டால், அந்தக் கைக்கு அதற்கப்புறம் வெட்டு வராது. பலகை பெரிதாகப் பெரிதாக அது அம்பலமாகும். ஒரு துண்டுக்கு அரை மில்லிமீட்டர் கூடுதல், ஒரு வரிசையில் இருபது துண்டு என்றால் பத்து மில்லிமீட்டர். ஜன்னல் சட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் பலகையை எதைக் கொண்டு தேய்ப்பது? என்னிடம் கற்க வருகிறவர்கள் கிரைண்டரைத் தொட மாதக்கணக்கு ஆகும். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதக்காரன் என்று பெயர் இருக்கிறது, இருக்கட்டும்.

12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்ற துறவி எழுதிவைத்த தொழில்நூலில், சுட்ட இரும்புக் கம்பியால் கண்ணாடியைப் பிளந்து, பிறகு பல்வெட்டிய இரும்பால் ஓரத்தைக் கொறித்துக் கொறித்து வடிவத்துக்குக் கொண்டுவரும் முறை இருக்கிறது. சக்கரம் இல்லை, கிரைண்டர் இல்லை. அப்படிச் செய்த ஜன்னல்கள் ஐரோப்பாவில் இன்னும் நிற்கின்றன.

பழகுவதற்குச் சாதாக் கண்ணாடியே போதும் என்பதற்குக் காசும் ஒரு காரணம். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலை வந்ததிலிருந்து ஃப்ளோட் கண்ணாடிக்கு, அதாவது சாதா ஜன்னல் கண்ணாடிக்கு, நமக்குப் பஞ்சம் இல்லை. பார்க் டவுன் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் இந்த வேலைக்கான கலர்த் தகடு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஜெர்மனியின் வால்ட்ஸாசன் ஊரில் லாம்பெர்ட்ஸ் ஆலையில் இன்னும் வாயால் ஊதித்தான் தகடு செய்கிறார்கள். அமெரிக்காவின் கோகோமோ நிறுவனம் 1888இலிருந்து பால்நிறம் கலந்த தகடு வார்க்கிறது. கப்பல் செலவு, வழியில் உடைவது எல்லாம் சேர்த்தால் ஒரு தகட்டின் விலை மூச்சடைக்க வைக்கும். ஊதிச் செய்த தகடு ஒரே கனத்திலும் இருக்காது, ஒரு ஓரம் தடிப்பு, இன்னொரு ஓரம் மெலிவு. கோடு போடும்போதே அழுத்தத்தை மாற்றிக்கொண்டு போக வேண்டும். அந்தத் தகட்டில் கை பழகக் கூடாது. பழகிய கைதான் அதைத் தொடலாம்.

அப்புறம் வரைதல். ஓவியம் வரத் தேவையில்லை என்று சிலர் தைரியம் சொல்கிறார்கள். வேண்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் தாளில் அழகாக வரைகிறவருக்கு இது எளிது என்றும் இல்லை. இங்கே ஈயக்கோடுதான் ஓவியத்தின் கோடு, அதுவேதான் கட்டடத்தின் எலும்பும். முழு அளவில் ஒரு வரைபடம் போட வேண்டும். அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ஈயத்தின் இடுப்புக் கனம், அதாவது 'எச்'சின் நடுத்தண்டு, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், விட்டுக் காகித அச்சு வெட்ட வேண்டும். பலகையின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே நேர்கோடு போனால் அது கீல் மாதிரி மடங்கும். நீளமாக ஊசிபோல் நீட்டிய துண்டு வெயிலில் விரிசல் விடும். பத்துக் கோடு ஒரே புள்ளியில் சேர்ந்தால் அங்கே பற்றுவைத்த ஈயம் குன்றாக நிற்கும், வெளிச்சம் வராது.

இதை நான் கற்றது ஒரு பேனர் ஆர்ட்டிஸ்ட் அண்ணனிடம். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் ராயபுரம், காசிமேடு சுவர்களில் இருபதடிக்கு முகம் எழுதியவர். கட்டம் போட்டுச் சின்னப் படத்தைப் பெரிதாக்குவது, தெருமுனையிலிருந்து பார்த்தால் எந்தக் கோடு நிற்கும் எது கரைந்துபோகும் என்று கணிப்பது, இதெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. என் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, "பத்தடி பின்னால வா தம்பி. எதுனா தெரியுதா? தெரியலல்ல, அப்ப அத்த அழி" என்பார். நான் ஆசை ஆசையாகப் போட்ட இறகுக் கோடுகள் எல்லாம் அப்படித்தான் போயின.

முகம், கைவிரல், துணி மடிப்பு இதெல்லாம் ஈயத்தால் வராது, வரைந்து சுட வேண்டும். பொடித்த கண்ணாடியும் இரும்பு அல்லது செம்பு ஆக்சைடும் சேர்ந்த கறும்பழுப்புப் பொடி, அதைக் கருவேலம் பிசின் போட்ட தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் எழுதி, சூளையில் 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டால் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டால் எலுமிச்சையிலிருந்து ஆரஞ்சு வரை மஞ்சள் வரும். ஐரோப்பாவில் 1300 வாக்கில் பழக்கத்துக்கு வந்த முறை அது. சூளையை மெதுவாக ஆறவிட வேண்டும், அவசரத்தில் திறந்தால் துண்டு வெடிக்கும். இது தனியே பல வருடப் படிப்பு, நான் இன்னும் அதில் நடுவகுப்பு மாணவன்தான். இதைத் தள்ளிவைத்துவிட்டும் நல்ல ஜன்னல் செய்யலாம்.

ஈயத்துக்கு வருகிறேன். பட்டையை முதலில் ஒரு முனையைப் பிடிப்பானில் மாட்டி இழுத்து நேராக்க வேண்டும், கண்ணாடியைக் கவ்வும் உதடுகளை மரக்கட்டையால் விரிக்க வேண்டும். மூலையிலிருந்து தொடங்கி ஒரு துண்டு கண்ணாடி, ஒரு துண்டு ஈயம், நகராமல் இருக்க லாட ஆணி, மறுபடி கண்ணாடி. ஈயத்தை வெட்டும் கத்தி சாணை குறைந்தால் பட்டை நசுங்கும், நசுங்கிய முனை அடுத்த பட்டையோடு பொருந்தாது, பொருந்தாத சந்தில் பற்று நிற்காது. பார்க்க விளையாட்டுச் சாமான் கோப்பது போல இருக்கும். சாயங்காலம் குனிந்தபடி நின்ற இடுப்பு உண்மையைச் சொல்லும்.

பற்றவைப்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் புளியந்தோப்பில் ரேடியேட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர். எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். லாரி ரேடியேட்டர்கள் பித்தளையும் செம்புமாக இருந்த காலத்தில் அவர் பட்டறை வாசலில் வண்டிகள் வரிசை கட்டும். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்ததும் அந்த வேலை படுத்துவிட்டது. ஸ்டெயின்ட் கிளாஸ் என்ற பெயரே அவர் கேட்டதில்லை. ஆனால் முதல் பலகையைக் கொண்டுபோய்க் காட்டியதும் சந்திப்புகளை விரலால் தடவிப் பார்த்து, "சூடு பத்தல, இங்க சூடு ஜாஸ்தி, இது அழுக்கு" என்று வரிசையாகச் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதன் கணக்கு இதுதான். 60க்கு 40 வெள்ளீயம்-காரீயம் கலந்த பற்றுக்கம்பி 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190 வாக்கில் முழுசாக உருகிவிடும். அடியில் இருக்கும் ஈயப்பட்டை உருகுவது 327 டிகிரியில். இந்த இடைவெளிக்குள்தான் விளையாட வேண்டும். சோல்டரிங் அயர்ன் முனை அதைவிடச் சூடாகவே இருக்கும் என்பதால், சந்திப்பில் அது நிற்கும் நேரம்தான் எல்லாம். சீக்கிரம் எடுத்தால் பற்று மேலே குண்டாக உட்கார்ந்திருக்கும், உள்ளே இறங்கியிருக்காது. ஒரு கணம் தாமதித்தால் பட்டையே ஓடிப்போய் ஓட்டை விழும். ஈயத்தின் முகம் மங்கியிருந்தால் கம்பி பிரஷ் போட்டுப் பளபளப்பாக்கி, பற்று ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவிய பிறகுதான் பற்று பிடிக்கும். நல்ல பற்று தட்டையாக, பளிச்சென்று, இரண்டு பட்டைக்கும் நடுவே எல்லை தெரியாமல் படுத்திருக்கும். அதற்கப்புறம் பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே வேலை. திருப்பும்போது அந்தப் பலகைக்கு வலுவே இருக்காது, தூக்கினால் மடங்கும். மேசை ஓரம்வரை நகர்த்தி, ஓரத்தில் சாய்த்துச் செங்குத்தாக்கிப் பிறகுதான் தூக்க வேண்டும்.

அடுத்த வேலையை யாரும் இன்ஸ்டாகிராமில் போட மாட்டார்கள். சாக் பவுடர், ஆளிவிதை எண்ணெய், விளக்குக்கரி, கொஞ்சம் டர்பன்டைன் சேர்த்துக் குழைத்த மக்கை (புட்டி) ஈயத்தின் உதட்டுக்கு அடியில் பிரஷ்ஷால் அடித்துத் திணிக்க வேண்டும். கை, மூக்கு, சட்டை எல்லாம் கறுப்பு. பிறகு வெறும் சாக் பவுடர் தூவித் தேய்த்துத் தேய்த்து எண்ணெயை எடுத்தால் ஈயமும் கறுத்து மெருகேறும், கண்ணாடியும் பளிச்சென்று வரும். மக்கு இறுகிய பிறகுதான் அது மழை தாங்கும் ஜன்னல். இதைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டால் டிசம்பர் புயலில் உள்ளே தண்ணீர் வரும், காற்றுக்குக் கண்ணாடி கடகடக்கும்.

செம்புத் தாளை ஓரத்தில் சுற்றிப் பற்றவைக்கும் முறை, டிஃபனி என்ற அமெரிக்கக் கலைஞரின் வண்ணக் கண்ணாடி விளக்குகளால் பேர்பெற்றது, சின்ன வேலைகளுக்கு இதைவிட வசதி. வொர்க்‌ஷாப்களில் பெரும்பாலும் அதைத்தான் சொல்லித்தருகிறார்கள்.

புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டிலிருந்து எழுதப்பட்டவை, அதனால் நாமே தெரிந்துகொள்ள வேண்டியது வெயிலும் கடலும். நீலம் பக்கத்து நிறங்களின் மேல் பரவி வழியும் என்று பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-டுக் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். நம்ம ஊரில் கிழக்கே கடலைப் பார்த்த ஜன்னலில், காலை எட்டு மணி வெயிலில், வெளிர் நிறம் எல்லாமே அப்படி வழிந்துபோகும். கண் கூசும், படம் தெரியாது. லண்டனில் இருட்டாகத் தெரிகிற தகடு ராயபுரத்தில் அளவாக இருக்கும். அதனால் தகட்டுத் துண்டுகளை எடுத்துக்கொண்டு அந்த ஜன்னலுக்கே போய், அந்த நேரத்து வெயிலில் பிடித்துப் பார்க்காமல் நிறம் முடிவு செய்யக் கூடாது. ஹைகோர்ட்டுக்கு வேலையாகப் போகிறவர்கள் அங்கே இருக்கும் வண்ணக் கண்ணாடிகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 1892இல் முடிந்த கட்டடம், வாய்தாவுக்கு வந்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சூட்டில் ஈயம் கண்ணாடியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். தினமும் விரிந்து சுருங்கி, தன் எடையாலும் இறங்கி, பல பத்தாண்டுகளில் பலகை தொப்பை போட ஆரம்பிக்கும். அதைத் தாங்கத்தான் குறுக்குக் கம்பி. அந்தக் கம்பி சாதா இரும்பு என்றால் உப்புக்காற்றில் துருப்பிடித்து உப்பி, சுற்றியுள்ள கல்லையும் கண்ணாடியையும் சேர்த்துப் பிளக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேலை என்றால் நான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்லாமல் கொட்டேஷனே கொடுப்பதில்லை.

புதிது செய்வது ஒரு தொழில் என்றால், பழையதைச் சரிசெய்வது வேறொரு தொழில். ஒரு பழைய தேவாலயத்தில் கூப்பிட்டிருந்தார்கள். ஜன்னல் தொப்பை போட்டு, யாரோ எப்போதோ ஓட்டைகளில் எபாக்ஸி களிம்பு அப்பிவிட்டுப் போயிருந்தார்கள். புனிதர் ஒருவரின் முகம் பாதி மங்கியிருந்தது. பங்குக் குழுவில் ஒருவர், "தம்பி, முகத்த மட்டும் புதுசா வரஞ்சிடுங்களேன், திருவிழாவுக்குள்ள முடிச்சிரலாம்" என்றார். "வரையலாம் சார், ஆனா அப்புறம் அது உங்க தாத்தா காலத்து ஜன்னலா இருக்காது" என்றேன். ஃபாதர் சிரித்துவிட்டு, "அவர் சொல்ற மாதிரியே செய்யட்டும்" என்றார்.

அந்த மாதிரி வேலையில் முதல் பல நாட்கள் எதையும் கழற்றுவது கிடையாது. இரண்டு பக்கமும் வெளிச்சம் மாற்றி மாற்றிப் படம் எடுப்பது, காகிதம் வைத்து மெழுகுக் கட்டியால் தேய்த்து ஈயக்கோடுகளைப் பிரதி எடுப்பது, ஒவ்வொரு துண்டுக்கும் எண். சோப்பு, ஆசிட் எதுவும் கிட்டே வரக் கூடாது. அந்தக் காலத்தில் சூடு போதாமல் சுட்ட வண்ணம் ஈரப்பஞ்சு பட்டாலே வந்துவிடும், அதனால் ஓரமாக ஒரு பொட்டு இடத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் தொட்ட பஞ்சை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவது. கார்பஸ் விட்ரியாரம் என்ற சர்வதேச அமைப்பு 2004இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் இருக்கின்றன. முடிந்தவரை குறைவாகத் தொடு, தொட்டதை எழுதிவை, பின்னால் வருகிறவர் கழற்றக்கூடியதாகச் செய் என்பதுதான் அதன் சாரம். கையால் நிறைய செய்யத் தெரிந்தவருக்குச் செய்யாமல் இருப்பதுதான் கஷ்டம். பழைய வேலையைத் தொட ஆசைப்படுகிறவர்கள் குறைந்தது சில புதிய ஜன்னல்களை முழுசாகச் செய்து, அவை இரண்டு மழைக்காலம் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு வரட்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் இல்லை இது, காரீயம், விஷம். பற்றவைக்கும் புகைக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் புகையில் பெரும்பகுதி ஃப்ளக்ஸ், அதற்கு மின்விசிறியை வெளிப்பக்கம் தள்ளுகிற மாதிரி வைத்தால் போதும். ஈயம் உள்ளே போவது பெரும்பாலும் கை வழியாக, வாய் வழியாக. பழைய ஈயத்தின் மேல் படிந்திருக்கும் வெள்ளைத் தூள்தான் மோசம். பட்டறைக்குள் டீ, பீடி, பிஸ்கட் எதுவும் கூடாது. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், பிரஷ் போட்டுக் கை கழுவ வேண்டும், வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும் சின்னக் குழந்தைகளும் அந்தப் பக்கமே வேண்டாம். வருடம் ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. நம்ம ஊர் வீடுகளில் ஒரே அறையில் சமையலும் தொழிலும் நடக்கும், தெரியும். இந்தத் தொழிலை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள்.

கடைசியில் காசு. வாடிக்கையாளர் கேட்பது "ஸ்கொயர் ஃபீட் என்ன ரேட்?" அந்தக் கேள்விக்கு அப்படியே பதில் சொன்னால் தொழில் மூழ்கிவிடும். ஒரு சதுர அடியில் ஆறு துண்டும் வரலாம், அறுபதும் வரலாம். வேலை துண்டின் எண்ணிக்கையிலும் உள்வளைவின் எண்ணிக்கையிலும் இருக்கிறது, பரப்பளவில் இல்லை. வரைபடம் போட்டு, துண்டை எண்ணி, அப்புறம் விலை சொல்லப் பழக வேண்டும். வரைபடத்துக்குத் தனியாக முன்பணம் வாங்கவும் பழக வேண்டும், ஏனென்றால் அதை வாங்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் ஃபிலிம் ஒட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

இதையெல்லாம் கேட்டுவிட்டும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் சனிக்கிழமைகளில் வருகிறாள். அப்பா நகைப் பட்டறையில் வேலை, அதனால் சூடு அவளுக்குச் சொல்லித்தராமலே வந்துவிட்டது. முதல் நாளே அவள் வைத்த பற்று என்னுடையதைவிடத் தட்டையாக இருந்தது. வெட்டு சுமார்தான். வெளிவளைவு சுத்தமாக வருகிறது, உள்வளைவில் இடது கொம்பு மட்டும் இன்னும் உடைந்துகொண்டே இருக்கிறது. "அந்த கிரைண்டர ஒரு தடவ குடுங்கண்ணா, நுனிய மட்டும் தேச்சுக்கிறேன்" என்று வாராவாரம் கேட்கிறாள். தீபாவளி முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை பிளையர்தான்.